புக்கிட் தீமா பாயிண்ட் சரியாகிவிட்டது

அன்புள்ள முத்து,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே தீபாவளியும் போய்ப் பொங்கலும் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். அமுதாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. சின்னவன் தேசிய சேவை முடித்துவிட்டான். பாலு அண்ணன் அதே கோப்பிக் கடையில், அதே மேசையில், அதே கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ கோலாலம்பூர் செந்தூலுக்குப் போனதிலிருந்து அவரை மறுத்துப் பேச ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மாடல் ரயிலில் புக்கிட் தீமா நிலையத்துப் பாயிண்ட், வண்டியைத் தடம் மாற்றிவிடும் இடம், சரியாகிவிட்டது! போன தடவை நீ வந்தபோது, தஞ்சோங் பகார் பக்கமிருந்து வரும் வண்டி லூப்பில் திரும்புகிற இடத்தில் பெட்டி பெட்டியாகக் கவிழ்ந்ததே, அதேதான். "முதலில் ஸ்டேஷன் மாஸ்டரை மாற்று" என்று சிரித்துவிட்டுப் போனாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலையத்துக்கு உயிரே லூப்தான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்கிற இடம், உங்கள் அப்பா, ஒற்றைத் தடத்தில் போக டிரைவருக்கு அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தோடு வெயிலில் நின்ற இடம். அங்கே வண்டி விழுந்தால் நான் கட்டிய மற்ற எதற்கும் அர்த்தமில்லை.

ஒரே பெட்டி போகிற இடமெல்லாம் விழுந்தால் கோளாறு பெட்டியில்; எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் தடத்தில். என் கேஸில் இரண்டும் கலந்திருந்தன, அதனால்தான் இத்தனை நாள் இழுத்தது. எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியை விரலால் மெல்லத் தள்ளினேன். டார்ச்சைத் தண்டவாள மட்டத்தில் படுக்க வைத்து, கன்னம் பலகையில் படக் குனிந்து பார்த்தேன்.

எல்லாரும் முதலில் நாக்கைத்தான், பாயிண்ட்டில் அசைந்து வண்டியைத் திருப்பும் கூரான தண்டவாளத்தைத்தான், சந்தேகப்படுவார்கள். அது நியாயமும்கூட. நாக்கின் நுனி ஓரத் தண்டவாளத்தோடு ஒட்டாமல் தாள் கனம் விலகியிருந்தாலே சக்கரத்தின் துருத்திய விளிம்பான பிளாஞ்ச் அந்த இடுக்கில் நுழைந்துவிடும். ஒரு சரளைத் துணுக்கு சிக்கியிருந்ததை ஊசியால் எடுத்தேன். நுனியைச் சன்ன அரத்தால் தேய்த்துக் கூராக்கினேன். அப்புறமும் விழுந்தது. ஆனால் நாக்கில் இல்லை, அதைத் தாண்டி, இரண்டு தண்டவாளங்கள் சேரும் கிராசிங் மூக்கில். பிளாஞ்ச் மூக்கின் முனையில் முட்டி, அதன் மேல் ஏறி, கொஞ்ச தூரம் அப்படியே உருண்டு, தவறான பள்ளத்தில் 'டக்' என்று இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது! திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

மூக்கைக் காப்பாற்ற வேண்டியது செக் ரயில், எதிர்ப்பக்கத்துத் தண்டவாளத்துக்கு உட்புறம் ஒட்டிப் போட்டிருக்கும் துணைத் தண்டவாளம். அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் முதுகை அது பிடித்து இழுத்துக்கொண்டால்தான் இந்தப் பக்கத்துச் சக்கரம் மூக்கை விட்டு ஒதுங்கும். அதற்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி அதிகமானால் பிடியே இல்லை. ஆனால் செக் ரயிலில் கை வைக்கும் முன் சக்கரங்களை அளந்தே ஆகவேண்டும். நம்முடைய 16.5 மில்லிமீட்டர் தடத்தில் இரு சக்கரங்களின் முதுகுக்கு முதுகு 14.4 பக்கம் இருக்க வேண்டும். அகன்றிருந்தால் மூக்கில் முட்டும், குறுகியிருந்தால் செக் ரயிலில் இறுகி மேலே ஏறும். இரண்டு பெட்டிகளில் அளவு பிசகியிருந்தது. அச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருகித் திருகி நகர்த்தினேன். அதற்குப் பிறகும் விழுந்தபோதுதான் செக் ரயிலில், பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்த முகத்தில், கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டினேன். சக்கரம் முட்டாமல் நுழைய, பட்டையின் இரு முனைகளையும் சரித்துத் தேய்த்தேன். அவ்வளவுதான் முத்து. பெட்டி வழுக்கிக்கொண்டு போனது.

இன்னொன்றும் இருந்தது. டிசம்பர் மழையில் பலகை ஈரம் குடித்து, பாயிண்ட்டுக்கு நேர் கீழே இருக்கும் இணைப்பு உப்பிவிட்டது. ஒரு தண்டவாளம் உயர்ந்து தடமே முறுக்கிக்கொண்டது. உப்பலைச் சீவி எடுத்து, தாழ்ந்த பக்கத்துக்கு அட்டைத் துண்டு கொடுத்தேன். பெட்டிகளும் எடை போதாமல் இருந்தன. அமெரிக்க மாடல் ரயில் சங்கம் சொல்லும் கணக்கு 28 கிராம், அதற்கு மேல் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். பத்து அங்குலப் பெட்டிக்கு 168 வருகிறது. மீன்பிடிக்கிற ஈயக் குண்டுகளைத் தரையோடு ஒட்டிச் சரிசெய்தேன். இப்போது பின்னால் தள்ளினாலும் விழுவதில்லை. முழு ரயிலையும் பின்னால் தள்ளிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை என்பேன்.

இனி நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. 2011 ஜூன் 30 ராத்திரி சிங்கப்பூரில் அந்தத் தடத்தின் கடைசி வண்டியைப் பார்க்க நாம் இருவரும் கூட்டத்தில் நின்றோம், உன் அப்பா வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்றைக்கு அவரிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது அங்கே இரும்புப் பாலம் இருக்கிறது, நிலையக் கட்டடம் இருக்கிறது, தண்டவாளம் கொஞ்ச தூரம் விட்டிருக்கிறார்கள். லூப்பில் வண்டியை ஏற்ற எந்த லீவரை முதலில் இழுப்பார்கள், ராத்திரியில் டோக்கனை எப்படிக் கைமாற்றுவார்கள் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வை. கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூன் பள்ளி விடுமுறையில் எல்லாரும் வாருங்கள். அப்பாவால் பஸ் பயணம் முடியுமென்றால் அவரையும் கட்டாயம் அழைத்து வா, வண்டியை லூப்பில் அவர் கையால் விடட்டும். போன தடவை நீ 'ரெண்டு நாளில் தருகிறேன்' என்று எடுத்துப்போன என் காலிப்பரையும் மறக்காமல் கொண்டு வா. இந்தச் சக்கரங்களை அளக்க வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று.

அன்புடன்,
ராஜு