பிறந்த பிள்ளையின் நெஞ்சையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிறவிக் குறை என்றதும் உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயத்தில் ஓட்டை என்று எங்கள் மாவட்டத்தில் எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். நெஞ்சின் நடுவில் உள்ள மார்பெலும்பு ஒன்றுசேராமல் பிளந்தபடியும் பிள்ளை பிறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. திருவட்டார் பகுதியில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் தங்கையின் பேத்தி அப்படித்தான் பிறந்தாள்.

தனியார் மருத்துவமனையில் பிரசவம். எடையில் குறைவில்லை, பால் குடித்தாள், நன்றாக அழுதாள். ஆனால் தொண்டைக்குழிக்குக் கீழே, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். அதனடியில் இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அழுதால் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைக்கும்; மூச்சை உள்ளே இழுத்தால் அதே இடம் குழியும். "வளர வளரக் கூடிவிடும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மார்பெலும்புப் பிளவு தானாகக் கூடுவதில்லை. அதைச் சேர்க்க மிக நல்ல காலம் பிறந்த முதல் மாதம்தான். "வளரட்டும்" என்று காத்திருந்தால் அந்தக் காலம்தான் கைநழுவுகிறது.

கருவில் மார்பெலும்பு இரண்டு தனித்தனிப் பட்டைகளாகத் தொடங்குகிறது. அவை நடுவுக்கு நகர்ந்து, மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வந்து, ஏறத்தாழ 10-வது வாரத்தில் ஒன்றாகிவிடும். ஒட்டாமல் நின்றுபோனால் பிளவு. கர்ப்பத்தைப் பதிவு செய்ய நாங்கள் சொல்லும் கெடுவே 12 வாரம். அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிற காரியம் இது. இதற்குப் போய் "கிரகணத்தன்று வெளியே இறங்கினாய், குடம் தூக்கினாய்" என்று பெற்றவளைக் குற்றம் சொல்கிற மாமியார்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சை உடம்புக்காரி அந்தப் பேச்சைக் கேட்டு அழுததை நான் பார்த்தேன்.

பிறந்த சில வாரங்களில் நெஞ்சுக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும், வளைந்துகொடுக்கும். பாதி வரை பிளந்திருந்தால், கீழே ஒட்டியிருக்கும் இடத்தில் கொஞ்சம் வெட்டி நெகிழ்த்தி, இரண்டு பட்டைகளையும் நடுவில் இழுத்துத் தையல் போட்டுச் சேர்த்துவிடலாம். உள்ளே இதயம் நெரிபடுகிறதா என்று ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இறுக்குவார்கள். மாதங்கள் கடந்தால் கூடு விறைக்கிறது, இதயமும் நுரையீரலும் அந்த விரிந்த இடத்துக்குப் பழகிவிடுகின்றன. அப்புறம் விலாக் குருத்தெலும்புகளை வெட்டித் தளர்த்த வேண்டும். அதுவும் போதாவிட்டால் உடம்பின் வேறிடத்து எலும்பையோ செயற்கை வலையையோ வைத்து மூட வேண்டும். எங்கள் குழந்தைக்குக் காலம் தப்பவில்லை. எக்கோ எடுத்து இதயத்தில் வேறு குறை இல்லை என்று பார்த்த பிறகு, திருவனந்தபுரத்தில் முதல் மாதம் முடியும் முன்பே அறுவை நடந்தது. இப்படிப்பட்ட குழந்தையின் முகத்தில் சிவந்த ரத்தக்குழாய் மச்சமும் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது தலைக்குள் உள்ள ரத்தக்குழாய்க் குறையோடு சேர்ந்து வருவதுண்டு.

இதற்கு நேர்மாறான இன்னொரு குறை இருக்கிறது, அதுதான் அதிகம் காணப்படுவது. நெஞ்சின் நடுப்பகுதி உள்ளே குழிந்திருக்கும். அதைப் பார்த்து "இப்போதே ஆபரேஷன் செய்யுங்கள்" என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் பெற்றோரை எனக்குத் தெரியும். அங்கே அவசரம்தான் கெடுதல். 1949-ல் ராவிட்ச் என்ற மருத்துவர் வெளியிட்ட முறையில், வளைந்த குருத்தெலும்புகளை அகற்றி மார்பெலும்பை நிமிர்த்தினார்கள். அதையே மிகச் சிறிய வயதில், மிக அதிகமாக வெட்டிச் செய்த சில பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கூடு வளராமல் இறுகி, மூச்சு முட்டும் நிலை வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹாலர் குழு 1996-ல் இதை எழுதி எச்சரித்தது. குருத்தெலும்பை வெட்டாமல் மார்பெலும்புக்கு அடியில் வளைந்த உலோகப் பட்டையைச் செலுத்தி நிமிர்த்தும் முறையை 1987-ல் தொடங்கியவர் டொனால்ட் நஸ். இன்று அதைப் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் செய்கிறார்கள். கைக்குழந்தைக்குக் குழி இருந்தால் மருத்துவர் பார்வையில் வைத்துக் கவனித்து வந்தால் போதும். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: குழி எப்போதும் இருக்கிறதா, மூச்சு இழுக்கும்போது மட்டும் விழுகிறதா? மூச்சு இழுக்கும்போது நெஞ்சு புதிதாகக் குழியத் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே ஓட வேண்டும்.

ஆக, ஒன்றில் காத்திருப்பது தவறு, மற்றொன்றில் அவசரப்படுவது தவறு. எது எது என்று பெற்றவர்களுக்கு யார் சொல்வது?

நம் ஊரில் பிள்ளையைக் குளிப்பாட்ட அனுபவமுள்ள ஒரு பாட்டியை அழைப்பது வழக்கம். தேங்காய் எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டி, நெஞ்சை அமுக்கிக் குளிப்பாட்டுவார்கள். அவர்கள் கையில் பிள்ளை சுகமாகத் தூங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எலும்பு இல்லாத இடத்தில் அந்தக் கை படக் கூடாது; அடியில் இருப்பது இதயம். குழிந்த நெஞ்சும் நீவுவதால் நிமிராது. வர்ம ஆசான்களுக்கும் இதே வேண்டுகோள். சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் இந்த மாவட்டமே உங்களைத் தேடி வருகிறது, உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். நெஞ்சு துடிக்கும் பச்சைப் பிள்ளையைக் கொண்டுவந்தால் கட்டுப் போடாமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் பிறவிக் குறைகள் என்று 9 சேர்த்திருக்கிறார்கள். உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், பிறவிக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறை எல்லாம் உண்டு. நெஞ்சுக்கூடு அதில் இல்லை. பட்டியலில் இல்லாததைத் தேட யாருக்கும் தோன்றாது என்பதை வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நெஞ்சுத் தசையே ஒரு பக்கம் இல்லாமல், அதே பக்கத்துக் கைவிரல்களும் ஒட்டிப் பிறக்கும் போலந்து சிண்ட்ரோம் குழந்தைக்கும் இதே கதிதான். விரலைப் பார்ப்பவர்கள் நெஞ்சைப் பார்ப்பதில்லை.

பிரசவம் முடிந்து 42-வது நாள் வரை வீடு தேடிப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது எங்கள் வேலை. மார்பெலும்புப் பிளவை எளிதாகச் சேர்க்கக்கூடிய காலமும் அதற்குள்ளேயே வருகிறது. டிஸ்சார்ஜ் செய்யும் முன் டாக்டரும், வீட்டுக்குப் போகும்போது சிஸ்டரும் துணியை விலக்கி, பிள்ளை அழும்போது ஒரு முறை, அடங்கியிருக்கும்போது ஒரு முறை நெஞ்சைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் அந்த இரண்டையும் செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். மாவட்ட சுகாதார அலுவலர் இதை ஒரு சுற்றறிக்கையாக எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தனியார் பிரசவ மருத்துவமனைகளுக்கும் அனுப்ப வேண்டும். குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதி, பிரசவ வார்டுச் சுவரில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்.