‘திருப்தி’ வேண்டாம், அளவைச் சொல்லுங்கள்

எங்கள் குடியிருப்பின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

போன வாரம் ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் நீங்கள் செருகிவிட்டுப் போன சுற்றறிக்கையைப் படித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு முறையும் படித்தேன். “அண்மையில் ஒரு வீட்டின் வெப்ப உலையில் ஏற்பட்ட சிறு கோளாறு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. மற்ற வீடுகளில் வாசனை எதுவும் உணரப்படாததால் குடியிருப்போர் அச்சப்படத் தேவையில்லை. ஃபில்டரைத் தவறாமல் மாற்றி ஒத்துழைக்கவும்.” அந்த ‘ஒரு வீடு’ எங்களுடையது. அந்தச் ‘சிறு கோளாறு’, எரிவாயுவில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு நாங்கள் சுவாசிக்கும் காற்றில் கலந்தது. தீயணைப்புத் துறையினர் நள்ளிரவில் வந்து உலையை அணைத்து, இயக்கக் கூடாது என்று சிவப்பு அட்டை மாட்டிவிட்டுப் போனது, அதற்குப் பின் நாங்கள் எத்தனை முறை உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டோம் என்பது எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். அவற்றைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கோப்பில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

உலை இருக்கும் சிறிய அறையை ஒட்டிய அறையில்தான் எங்கள் அம்மா தூங்குகிறார். குளிர் தொடங்கி உலை ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து, காலையில் எழுந்ததும் தலைவலி என்பார். துணியை நனைத்து நெற்றியில் இறுக்கிக் கட்டியது போல் இருக்கிறது என்பார். குமட்டல் வேறு. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். காய்ச்சல் மட்டும் இல்லை. “குளிர் ஒத்துக்கல, வயசும் ஆச்சு” என்று காரணத்தையும் அவரே சொல்லிக்கொண்டார். எனக்கும் மனைவிக்கும்கூடக் காலையில் தலை கனக்கும். வேலைக்குப் போய் மதியத்துக்குள் தெளிந்துவிடும். நாங்கள் வெளியே போய்விடுவோம். அவர் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு நாள் முழுக்க அதே காற்றில் இருந்தார்.

இடையில் ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போனார். இரண்டாம் நாளே தலைவலி போன இடம் தெரியவில்லை. “மக வீடுன்னா மட்டும் உடம்பு சரியாயிடுதே” என்று போனில் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். திரும்பி வந்த மறுநாள் காலை கட்டில் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தலைவலி என்று என்னிடம் அவர் சொல்லவில்லை.

மருத்துவர் ஏதோ வைரஸ் என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டியது. அந்த 98ஐ நம்பி இன்னும் பத்து நாள் ஓட்டினோம். அந்தக் கருவிக்கு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஏறியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து ஆக்சிஜன் கணக்கிலேயே எழுதிவிடும். கார்பன் மோனாக்சைடோ ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். எங்களுக்கு மதியம் தெளிந்ததன் ரகசியம் அதுதான். அம்மாவுக்கு அந்த மதியம் வரவே இல்லை.

இப்போது உங்கள் ‘வாசனை’க்கு வருகிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. எரிவாயு கசிந்தால் மூக்கில் அடிக்கிற நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்று அதில் கலந்துவிடுகிற பொருளுடையது. அந்த வாயு எரிந்து, சரியாக எரியாமல் பிறக்கிற விஷத்துக்கு அப்படிக் கட்டியம் கூற யாரும் இல்லை. வாசனை இல்லாததால் அச்சம் தேவையில்லை என்று எழுதியவர், இருட்டில் பாம்பு தெரியாததால் பாம்பு இல்லை என்பவர். இந்த வாயுவில் மனிதருக்கு முன்பே மயங்கிவிடும் கேனரிக் குருவியைச் சுரங்கத்துக்குள் கூண்டோடு கொண்டுபோகும் யோசனையை பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் சொன்னது, மனித மூக்கை நம்ப முடியாது என்பதால்தான். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரை அந்தக் குருவிகள் வேலை பார்த்தன. எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா பார்த்திருக்கிறார்.

‘கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்ததே’ என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். இருந்தது. மாடி நடையில், ஆயுள் முடிந்து நான்கு வருடமாக, பச்சை விளக்கோடு அழகாக இருந்தது. புதிதாக இருந்திருந்தாலும் ஒலித்திருக்குமா என்பது சந்தேகம்தான். இந்த அலாரங்களுக்கான யூஎல் 2034 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி 70 பிபிஎம் அளவில் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அலாரம் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒலித்தால் போதும். 30 பிபிஎம்மில் முப்பது நாள் போனாலும் ஒலிக்கக் கூடாது. உயிர் போவதைத் தடுக்க வைத்த கருவி அது, தலைவலிக்கு வைத்ததில்லை. உடன் வேலை செய்பவர் சொல்லி, அளவைத் திரையில் காட்டும் கருவி ஒன்றை நானே வாங்கி அம்மாவின் அறையில் வைத்தேன். முதல் இரவு பத்து மணிக்கு 38 பிபிஎம். பன்னிரண்டரைக்கு 61. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரச் சராசரிக்குச் சொன்ன வரம்பு கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 3.5 பிபிஎம். பழைய அலாரம் அப்போதும் பச்சை விளக்கோடுதான் இருந்தது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அளவைச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் வரும் டெக்னீஷியன் உலைமேல் இருக்கும் அட்டையில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். எங்கள் உலையின் அட்டையில் ஆறு ‘திருப்தி’கள் இருக்கின்றன. புகைக்குழாயில் எத்தனை பிபிஎம், உலையிலிருந்து அறைக்கு வரும் காற்றில் எத்தனை பிபிஎம் என்று ஒரு இடத்திலும் இல்லை. தீயையும் நாங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர். அது காய்ந்து காய்ந்து ஆறுவதில் களைத்து விரிசல் விடும் என்பது உங்கள் டெக்னீஷியனுக்குத் தெரியாததல்ல. அன்று உலையைப் பிரித்தவர் எனக்கே காட்டினார்: தலைமுடி அகலத்தில் ஒரு கோடு. உலையின் மின்விசிறி ஓடத் தொடங்கியதும் நீலமாக நின்ற தீ மஞ்சளாகி ஆடியது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் விரிசல் விட்டது என்று கேட்டேன். உலைக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை உருவிக் காட்டினார். கம்பளி போர்த்தியது போல் தூசி. காற்று போக வழியில்லாவிட்டால் அந்தச் சுவர் அளவுக்கு மீறிச் சூடேறும் என்றார். சுற்றறிக்கையில் ஃபில்டரை மாற்றி ஒத்துழைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஒத்துழைக்கத் தயார். உலை அறையின் பூட்டு உங்களுடையது, சாவி உங்களிடம். மூச்சு எங்களுடையது. வாசலில் செருப்பை எந்தத் திசையில் விட வேண்டும் என்பதற்கு மூன்று சுற்றறிக்கை அனுப்பிய அலுவலகம், பூட்டிய அறைக்குள் ஃபில்டரை மாற்றுவது எப்படி என்று நான்காவது ஒன்று அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். மாற்றும்போது கடையில் இருப்பதிலேயே அடர்த்தியானதைப் போடலாம் என்றும் எழுதிவிடாதீர்கள். உலைக்குத் தாங்காத ஃபில்டரும் தூசி அடைத்த ஃபில்டர் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பணிவோடு கேட்கிறேன். இந்தக் குடியிருப்பில் எங்கள் உலையின் வயதே உள்ள உலைகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனையையும் திறந்து, எரியும் நிலையிலேயே அளந்து, அந்த அளவை அந்தந்த வீட்டாருக்கு எழுத்தில் கொடுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் ஆயுள் முடியாத அலாரம் வையுங்கள். வேறு வீட்டிலும் ஒரு அம்மா வயதைக் குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒரு குழந்தை பள்ளிக்குப் போக அடம்பிடிக்கிறது என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்களுக்குப் புதிய உலை வைத்துக் கொடுத்ததற்கு நன்றி. சத்தமில்லாமல் ஓடுகிறது. அம்மாவுக்கு இப்போது தலைவலி இல்லை. இல்லை என்றுதான் சொல்கிறார். உலையின் பக்கவாட்டில் புது அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. வைத்துவிட்டுப் போனவர் அதன் முதல் வரியில் ‘திருப்தி’ என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அவரை ஒருமுறை திருப்பி அனுப்புங்கள். பக்கத்தில் அளவு எழுத இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சிவப்பு அட்டை மாட்டப்பட்ட வீட்டில் குடியிருப்பவன்