35 என்று எழுதிய நான்கு பேர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய வினாத்தாளையும், அதனுடன் வைத்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரின் விடைத்தாள்களையும் இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். பள்ளியில் மொத்தம் 26 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். இந்த நிலையில் கணக்கை எப்படிக் கற்பிப்பது, யாருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியில் ஒரு மனக்குறை தொனித்தது. பெரிய பள்ளிகளுக்கு வாய்த்த வசதி நமக்கு இல்லையே என்ற குறை அது. அளக்கும் விஷயத்தில் நிலைமை நேர்மாறானது என்று நான் கருதுகிறேன்.

முதலில் அந்தச் சராசரியை எடுத்துக்கொள்கிறேன். பட்டியலின் அடியில் 'வகுப்புச் சராசரி 14' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறீர்கள். 20க்கு 18, 17, 16, 15, 14, 4 என்ற ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 84. ஆகவே 14 சரிதான். ஆனால் 4 வாங்கிய பிள்ளை அன்று காய்ச்சலில் படுத்திருந்தால் சராசரி 16 ஆகியிருக்கும். யாரும் புதிதாக எதையும் கற்காமலே வகுப்பு 'முன்னேறி' இருக்கும். ஆறு பேர் உள்ள வகுப்பில் சராசரிக்குப் பொருள் அவ்வளவுதான். மேலிடம் கேட்கும் பட்டியலில் அதை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு யாருக்கு எதைக் கற்பிப்பது என்று அதனிடம் போய்க் கேட்காதீர்கள்.

இனி விடைத்தாள்களுக்கு வருகிறேன். 52 − 27 என்ற கணக்குக்கு நான்கு பேர் 35 என்று எழுதியிருக்கிறார்கள். நான்குக்கும் ஒரே மாதிரி பெருக்கல் குறி போட்டுவிட்டு, 'கடன் வாங்கிக் கழித்தலை மறுபடி நடத்த வேண்டும்' என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் இதையேதான் செய்தேன். ஆனால் தாள்களைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டு தாள்களில் 52இன் 2க்குப் பக்கத்தில் பென்சிலால் மிகச் சிறிதாக ஒரு 1 இருக்கிறது. 5 மட்டும் அடிக்கப்படாமல் அப்படியே நிற்கிறது. அந்த இருவரும் பத்தை எடுத்து 12 ஆக்கி, 12இலிருந்து 7ஐக் கழித்து 5 என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள்; எடுத்த பத்தை 5இலிருந்து குறைக்க மறந்து 5 − 2 = 3 என்று முடித்திருக்கிறார்கள். மற்ற இருவர் தாளில் எந்தக் குறியும் இல்லை. 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று அவர்கள் எழுதியிருக்கக்கூடும். முதல் இருவருக்கு இடமதிப்பு ஏறக்குறைய வந்துவிட்டது, ஒரு படிதான் தவறியது. பின்னவர்களுக்குக் கழித்தல் என்பது 'பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது' என்ற அளவில் நிற்கிறது. ஒரே பாடத்தை நால்வருக்கும் மறுபடி நடத்தினால், முதல் இருவருக்குத் தெரிந்ததையே சொல்வோம், பின்னிருவருக்குப் புரியாததையே மறுபடி சொல்வோம்.

இந்தக் குழப்பத்தில் பிள்ளைகளைவிடக் கேள்வியின் பங்கு அதிகம். 7 − 2, 12 − 7 ஆகிய இரண்டுமே 5 ஆகிவிடுவதால் இரு வேறு பிழைகள் ஒரே விடையில் வந்து ஒளிந்துகொள்கின்றன. 53 − 27 என்று ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும்: மறதிக்காரர் 36 என்பார், புரட்டிக் கழிப்பவர் 34 என்பார், சரியான விடை 26. இதனினும் நல்லது 40 − 17. அதில் 33 என்று வந்தால் எடுத்த பத்தைக் குறைக்கவில்லை. 37 என்றால் புரட்டிக் கழித்திருக்கிறது. 30 என்றால் பூச்சியத்திலிருந்து எடுக்க ஒன்றுமில்லை என்று பிள்ளை அங்கேயே நின்றுவிட்டது. இருபது கணக்குகள் கொண்ட வினாத்தாளைவிட, இப்படித் தேர்ந்தெடுத்த நான்கு கணக்குகள் உங்களுக்கு அதிகம் சொல்லும். (போகிற போக்கில் ஒன்று: 'கடன் வாங்குதல்' என்ற சொல்லையே நான் பின்னாளில் கைவிட்டேன். 'எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?' என்று ஒரு பிள்ளை கேட்டது. என்னிடம் பதில் இல்லை. 'ஒரு பத்தைப் பிரிக்கிறோம்' என்றால் நடப்பதும் அதுதான், குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டவும் முடியும்.)

சரியான விடையும் ஏமாற்றும். 0.4, 0.75 இவற்றில் பெரியது எது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால், 'இலக்கம் அதிகமுள்ளதே பெரிய எண்' என்று நம்பும் பிள்ளையும் 0.75 என்று சொல்லி முழு மதிப்பெண் வாங்கிவிடும், 0.4, 0.35 என்று கேட்டால்தான் அந்த நம்பிக்கை வெளியே வரும். எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் எழுதிய கட்டுரையில் பென்னி என்ற பன்னிரண்டு வயது அமெரிக்கச் சிறுவன் வருகிறான். தேர்வுகளைத் தாண்டித் தாண்டி நன்றாக முன்னேறுவதாகக் கருதப்பட்ட அவனுடன் உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது, பத்தில் இரண்டு பங்கை அவன் 1.2 என்று எழுதினான்: இரண்டையும் பத்தையும் கூட்டி நடுவில் ஒரு புள்ளி. விடையை விடைக்குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்த எவருக்கும் அவன் தலைக்குள் ஓடிய விதி தெரிந்திருக்கவில்லை.

உட்கார்ந்து பேச நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஐந்து வகுப்புக்கும் ஐந்து பாடம் என்று ஓடினால் கிடைக்காதுதான். வாரத்தில் சில நாளாவது எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். நடுவில் 12 கூழாங்கற்கள். மீதி வராமல் எத்தனை விதமாகச் சம பங்கு வைக்கலாம்? சிறியவர்கள் எண்ணி அடுக்குவார்கள். மூன்றாம், நான்காம் வகுப்பினர் 1, 2, 3, 4, 6, 12 என்று காரணிகளைப் பட்டியலிடுவார்கள். ஐந்தாம் வகுப்பினரிடம், ஒரு கல்லைச் சேர்த்து 13 ஆக்கினால் ஏன் இரண்டே வழி என்றும், 25க்குள் அதிக வழிகள் உள்ள எண் எது என்றும் கேளுங்கள்; 24க்கு வந்து சேர அவர்களுக்கு நேரமாகும். அந்த நேரம் உங்களுடையது. உங்கள் பொறுப்பில் 13 பேர் என்றால், நாளொன்றுக்கு இருவர் வீதம் ஏழு பள்ளி நாள்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். நாற்பது பேரை ஒரே அறையில் வைத்திருப்பவருக்கு இது கனவு.

பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து 'இதை எப்படிப் போட்டாய்?' என்று கேட்டவுடன் கவனியுங்கள்: அதன் கை அழிப்பானைத் தேடும். தப்பாக இருந்தால் மட்டுமே நாம் அப்படிக் கேட்போம் என்று அது கற்றுவைத்திருக்கிறது. ஆகையால் சரியான விடைகளுக்கும் அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள். சில வாரங்களில் கை அழிப்பானிடம் போவது நிற்கும்.

மொழி வைக்கும் பொறிகளும் அப்போது கண்ணில் படும். 'முந்நூற்று நான்கு' என்றால் 300 எழுதி அருகில் 4 போட்டு 3004 ஆக்கும் பிள்ளை, காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒலிக்கும்போது குழம்புவது அதன் குற்றமா?

வாய்ப்பாடு வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டும், மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்களுடன் நான் சேர மாட்டேன். ஆனால் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டே போய் எட்டில் நிற்கும் பிள்ளைக்கு 56 இன்னும் கைவசமாகவில்லை. வரிசை மாற்றிக் கேளுங்கள்.

குறிப்பேடு ஒன்று வைத்து, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியிட்டு, அது சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதுங்கள். விடைத்தாளில் ஒரு வரிக் குறிப்பு எழுதினால், பக்கத்திலேயே மதிப்பெண்ணையும் போடாதீர்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்கு வருவதில்லை போலும்.

ஆறாம் தாளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. 20க்கு 4 வாங்கிய பிள்ளை, 52 − 27க்கு 25 என்று சரியாக எழுதிய இருவரில் ஒன்று. பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், 52 இருக்கின்றன, அவற்றில் 27 அடிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற கணக்குகளுக்கு நேரம் போதாமல் போனதில் வியப்பில்லை. அடுத்த சுற்றை அதனிடமிருந்து தொடங்குங்கள். 35 என்று எழுதிய நால்வருக்கும் 40 − 17ஐக் கொடுத்து, வந்த விடைகளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அதே வேலையில் இருந்தவன்