பண்ட் பற்றி எழுதும் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

யூதத் தொழிலாளர் கட்சியான பண்ட் பற்றிய கட்டுரையை ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சியின் 1903 மாநாட்டிலிருந்து தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்மா. அப்படித் தொடங்கினால், லெனினோடு முரண்பட்டு வெளியேறிய ஐந்து பேராக மட்டுமே அவர்கள் வாசகர் மனதில் நிற்பார்கள். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த வில்னாவின் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) 1890களின் பட்டறைகளிலிருந்து தொடங்கு.

முதலில் அங்கே இருந்தவை ரகசியப் படிப்பு வட்டங்கள். ரஷ்ய மொழியும் அறிவியலும் மார்க்சியமும் கற்ற தொழிலாளி பட்டறையை விட்டு விலகிப் போனான்; பட்டறையோ அப்படியே கிடந்தது. அதனால் ஆர்க்காடி கிரெமரும் தோழர்களும் பாதையை மாற்றி, கூலி, வேலை நேரம் பற்றி கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழியான இத்திஷிலேயே பேசத் தொடங்கினார்கள். எதிர்ப்பு தொழிலாளர்களிடமிருந்தே வந்தது. படிப்பை எங்களிடமிருந்து பறிக்கிறீர்கள் என்று ஆவ்ரோம் கோர்டன் என்ற செதுக்குத் தொழிலாளி சண்டைக்கு நின்றார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு, அதை விட்டுவிடாதே.

கிரெமர் தரப்புக்குக் கைகொடுத்தது ஒரு பழைய சட்டம். 1785இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் போட்டது. கைவினைஞர் வேலை காலை 6 முதல் மாலை 6 வரை. அதற்குள் காலை உணவுக்கு அரை மணி, மதிய உணவுக்கு ஒன்றரை மணி இடைவெளி. பட்டறைகளிலோ 14, 16 மணி நேரம் வேலை வாங்கினார்கள். ஜாரின் சட்டத்தையே காட்டிக் கேட்டதால் கோரிக்கைக்கு வலு கூடியது.

தொழிலுக்கொரு 'காசா', அதாவது வேலைநிறுத்த நிதி. கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தா சேர்த்து, சீசனில் ஆர்டர் குவியும் நேரம் பார்த்து வேலையை நிறுத்துவார்கள். சீசன் முடிந்ததும், கொடுத்த சலுகையை முதலாளி திரும்பப் பிடுங்கிக்கொள்வார். அவரே இரண்டு மூன்று ஆட்களை வைத்திருக்கும் ஏழை. ஒரு ஊரில் மட்டும் ஜெயித்தால் நிலைக்காது என்று புரிந்ததும் ஊர்களை இணைக்கத் தொடங்கினார்கள். பன்றிமயிர் பதப்படுத்தும் தொழிலாளர்கள் இதில் முன்னோடிகள்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் 1897 அக்டோபரில் 13 பேர் வில்னாவில் ரகசியமாகக் கூடி பண்டை நிறுவினார்கள். மறு ஆண்டு மின்ஸ்கில் ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தபோது, ஒன்பது பிரதிநிதிகளில் மூவர் இவர்கள்.

இனி 1903க்கு வா. யூதத் தொழிலாளர்களின் ஒரே பிரதிநிதி நாங்களே, கட்சி கூட்டாட்சியாக அமையட்டும் என்று கேட்டார்கள்; மாநாடு மறுத்தது. உறுப்பினர் யார் என்ற விதியில் அதற்கு முன் லெனின் 28க்கு 22 என்று தோற்றிருந்தார். பண்டின் ஐந்து வாக்குகளும், பொருளாதாரவாதிகள் (அரசியலைவிடக் கூலிப் போராட்டத்தை முன்வைத்த கட்சிப் பிரிவினர்) இருவரின் வாக்குகளும் வெளியேறிய பிறகு அவர் பக்கம் 24, எதிரில் 20. போல்ஷெவிக், அதாவது பெரும்பான்மையினர், என்ற பெயர் இப்படி வந்தது. 1906இல் பண்ட் கட்சிக்குத் திரும்பியது என்பதைப் பலர் எழுதுவதில்லை; நீ எழுது.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையே பண்ட் போலந்தில் இயங்கிய காலத்துக்கு நிறைய இடம் கொடு. வாழும் மண்ணிலேயே உரிமை, இத்திஷ் மொழிப் பள்ளிகள், பாலஸ்தீனத்துக்குக் குடியேறுவது தீர்வல்ல: இதுதான் அவர்கள் நிலைப்பாடு. மக்கள் அதை ஏற்றதற்குச் சான்று, 1938 டிசம்பரில் நடந்த வார்சா நகரசபைத் தேர்தல். யூதக் கட்சிகள் வென்ற 20 இடங்களில் 17 பண்டுக்கு.

அடுத்த ஆண்டே போர். பண்டின் தலைவர்கள் எர்லிச்சையும் ஆல்ட்டரையும் சிறைபிடித்தது நாஜிகள் அல்ல, சோவியத் போலீஸ். எர்லிச் 1942இல் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்; ஆல்ட்டரை 1943இல் சுட்டுக் கொன்றார்கள். இடதுசாரி வாசகர்களுக்குக் கசக்கும் என்று இந்தப் பகுதியைச் சுருக்கிவிடாதே. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் நடந்த எழுச்சியின் தளபதிகளில் ஒருவரான மாரெக் எடல்மன் பண்டுக்காரர் என்பதையும் சேர். போருக்குப் பிறகும் அவர் போலந்திலேயே தங்கி, லோட்ஸ் நகரில் இதய மருத்துவராகப் பணியாற்றினார்.

எழுதி முடித்ததும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா