ஆந்திராவின் பத்திகொண்டாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நாங்கள் நலம். கிணறுகளைப் பற்றிய உன் அறிக்கை திரும்பி வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறாய்?

நீ இருக்கும் வட்டாரத்துக்கு 1800-இல் கலெக்டராக வந்தவர் தாமஸ் மன்றோ. அதற்கு முன் நம் பாராமகாலில், அதாவது சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கும்பெனி அதிகாரி ரீடு துரையின் கீழ் 1792 முதல் வேலை பழகியவர். தர்மபுரியில்தான் குடியிருந்தார். அங்கிருந்து கிளாஸ்கோவில் இருந்த வீட்டாருக்கு விடாமல் கடிதம் எழுதினார். கப்பலில் அது போய்ச் சேர மாதக்கணக்காகும். உன் கையில் போன் இருக்கிறது கயல்.

உங்கள் பக்கம் 1802-இல் நில அளவையைத் தொடங்கினார். 33 அடிச் சங்கிலி. சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் நாற்பது சேர்ந்தால் ஒரு ஏக்கர். அளப்பவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கூலி. கூலி அப்படி என்றால் கை அவசரப்படும். சங்கிலியை விறைப்பாக இழுக்காமல் தொய்யவிட்டால் நிலம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், குடியானவன் இல்லாத மண்ணுக்குத் தீர்வை, அதாவது நிலவரி, கட்டுவான். வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீண்டுபோனால் அளவு குறையும். அதனால்தான் அளந்ததைச் சரிபார்க்கத் தனி ஆட்கள் வைத்தார்.

அவர் போட்ட தீர்வையே அதிகம்தான். ஏழு வருஷம் ஊர் ஊராகப் பார்த்துவிட்டு, 1807-இல் அவரே எழுதினார்: எல்லா நிலத்துக்கும் தீர்வையில் நூற்றுக்கு 25 கழிவு, கிணற்றுப் பாசன நிலத்துக்கு 33. கிணற்றை வெட்டுவதும் தூர் வாருவதும் குடியானவன் செலவு. அதில் வரும் விளைச்சல் முழுவதற்கும் வரி போட்டால் அடுத்த கிணற்றை யார் வெட்டுவார்கள்? அரசாங்கம் அதை ஏற்கவில்லை. கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் பலர் நொடித்துப் போனார்கள். 1820-இல் மன்றோ சென்னைக்கு ஆளுநராக வந்த பிறகுதான் குடியானவனே நேராக அரசாங்கத்துக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை திரும்பியது, அந்தக் கழிவும் கிடைத்தது.

வற்றிய கிணறுகளை நீ தனிப் பட்டியலாகப் போட்டாயாம். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. கிணற்றுக்குக் கிணறு சர்வே எண், ஆழம், தண்ணீர் மட்டம், பார்த்த தேதி, உடன் இருந்தவர் கையெழுத்து, இவ்வளவும் இருக்கிறதா பார். தேதி இல்லாத அளவை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இருந்தால் மறுபடி அனுப்பு. இதற்காக வேலையை விடுவது பற்றி யோசிக்காதே.

1827-இல் மன்றோ ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். மனைவி முன்னமே போய்விட்டார். அடுத்த ஆளுநர் வந்து சேரத் தாமதமானதால் பழைய மாவட்டங்களைப் பார்க்கப் புறப்பட்டார். முகாமில் காலரா. ஜூலை 6-ஆம் தேதி உன் பத்திகொண்டாவில் காலையில் நோய் கண்டது, இரவுக்குள் உயிர் போய்விட்டது. குத்தி என்ற ஊரில் அடக்கம் செய்து, 1831-இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பில் வற்றிய நீரையும் உப்பையும் உடனே ஈடுகட்ட வேண்டும் என்பது அன்றைக்கு யாருக்கும் கைவரவில்லை.

உனக்கு அது தெரியும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் வைக்காதே. முகாம் போகும்போது பையில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலம் இருக்கட்டும். வழியில் எந்தத் தண்ணீரையும் வாங்கிக் குடிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு. அறிக்கை பற்றிப் பேச வேண்டாம், குரல் கேட்டால் போதும்.

அன்புடன்,
அப்பா