சிரிப்புக் கதைக்கு எதற்கு நீதி?

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் பற்றிய தங்கள் செய்திக் கட்டுரையைப் படித்தேன். நுழை, நட, ஓடு, பற என்று குழந்தைகளின் வாசிப்புத் திறனுக்கேற்பப் படக்கதைகளைப் பிரித்துக் கொடுப்பது நல்ல வேலை. ஆனால் கையில் எந்தக் கதை வந்தாலும், வாசித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்டு ஒரு நீதியைக் கறந்துவிடும் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. சிரிப்புக் கதைக்கு அது சுத்தமாகப் பொருந்தாது.

எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு படக்கதையில் “அப்பா அருமையாகத் தோசை சுட்டார்” என்று எழுதியிருக்கும், படத்திலோ தோசை மின்விசிறியில் தொங்கும், பூனை தலையில் மாவு வழியும். அவ்வளவுதான், “பொய்! பொய்!” என்று ஒரே கூச்சல், அப்புறம் யார் சொல்வது பொய், அப்பாவா கதை எழுதியவரா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். அச்சில் இருப்பதையும் சந்தேகப்படலாம் என்பதை ஒரு வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா, தெரியவில்லை.

எனவே பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு யோசனை: அடுத்த தொகுப்பில் இப்படிப்பட்ட வேடிக்கைக் கதைகளைக் கூடுதலாகச் சேருங்கள், கதைக்குப் பின் கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் “இதை நீ நம்புகிறாயா, ஏன்?” என்பது ஒன்று போதும். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைக்கவும் வேண்டாம்.

— ஒரு வாசகர், திண்டுக்கல்