ரோம் வெயிலில் அப்பாவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

வணக்கம்.

உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளும் நிலையில் அன்று நாங்கள் இல்லை. தமிழில் எழுதும் இந்த மடல் உங்கள் கண்ணில் படப்போவதும் இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. ரோம் நகரில் வெயில் 41 டிகிரியைத் தாண்டிய நாள். "வேலூர்க்காரனுக்கே வெயிலைக் காட்டுறாங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் அப்பா காலையில் கிளம்பினார். வேலூரில் மே மாத மத்தியானத்தில் அவர் வாசல்படி தாண்டமாட்டார் என்பது எங்கள் யாருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை. கொலோசியத்துக்கு எங்களுக்குக் கிடைத்திருந்தது பதினொன்றரை மணி டிக்கெட். வேறு நேரம் கேட்டதற்கு, விற்றவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பெயர் வேண்டாம், இது நன்றி மடல்.

முதல் நன்றி கொலோசியத்தில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிக்கு. வெயிலில் நிற்கவைத்துக் கதை சொல்லாமல், வளைவுகளின் நிழலுக்கு எங்களை நகர்த்தியபடியே பேசினீர்கள். அந்தக் காலத்தில் பார்வையாளர்களின் தலைக்கு மேல் பாய்த்துணியில் பந்தல் விரிப்பார்கள், அதற்கு வெலாரியம் என்று பெயர், கயிறு இழுக்கக் கப்பற்படை மாலுமிகளை வைத்திருந்தார்கள் என்றீர்கள். "அப்பவே பந்தல் போட்டிருக்கான், இப்ப ஏன் போடல?" என்று அம்மா கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை, மன்னிக்கவும்.

அதன்பின், பழங்கால ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளுக்குள் போனதுதான் தப்பு. ஒதுங்க மரமே அபூர்வம். தரையில் பதித்த கருங்கற்கள் தோசைக்கல் மாதிரி. வெளியே வந்து மெட்ரோவை நோக்கி நடக்கையில் அப்பாவின் பேச்சு குழறியது, முழங்கால் மடங்கியது. முதலில் ஓடிவந்து குடை பிடித்தது ஒரு சுற்றுலாப் பெண். அப்புறம், தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த ப்ரொத்தெசியோனே சிவிலே (இத்தாலியின் பேரிடர் உதவி அமைப்பு) தொண்டர்களே, நீங்கள் இருவர் வந்தீர்கள். "பியானோ, பியானோ" என்று சொல்லிக்கொண்டே அவரை நிழலுக்கு நகர்த்தினீர்கள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். அவருடைய ஷூவையும் காலுறையையும் நீங்களே கழற்றினீர்கள். மகன் நான் பக்கத்தில் மரம்போல் நின்றிருந்தேன். பிடரியில் ஈரத்துணி வைத்து, தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் வாய் வாயாகக் கொடுத்தீர்கள். இருபது நிமிடம் கழித்து அப்பா பேசிய முதல் வார்த்தை, "டீ கிடைக்குமா?" அப்போதுதான் அம்மா அழுதார்.

பச்சைச் சிலுவை மின்னிய மருந்துக்கடைக்கார அம்மாவுக்கு: ரத்த அழுத்தம் பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். மெக்னீசியம், பொட்டாசியம் பொடிக்கு மட்டும் பில் போட்டு, எத்தனை மணிக்கு எத்தனை பொட்டலம் என்று படம் வரைந்தே புரியவைத்தீர்கள். அந்தச் சீட்டு இன்னும் அப்பாவின் பர்ஸில் இருக்கிறது.

விடுதி அம்மாவுக்கும் நன்றி. காலை எட்டு மணிக்கே ஜன்னல்களின் மரச் சட்டக் கதவுகளைச் சாத்திவிட்டு இரவில்தான் திறக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னீர்கள், நாங்கள்தான் கேட்கவில்லை. நீங்கள் அனுப்பித்தான் சான் கிளெமென்ட்டே கோயிலுக்குப் போனோம். 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்குக் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே மித்ரா தெய்வத்தின் சன்னிதி. படி இறங்க இறங்கக் கிணற்றடிக் குளிர்ச்சி, சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். ஊர் திரும்பியதிலிருந்து அப்பா கொலோசியத்தைப் பற்றிப் பேசுவதில்லை, இதைப் பற்றித்தான் பேசுகிறார்.

தெருக் கூட்டிக்கொண்டிருந்த அண்ணே, நசோனி குழாயில் குடிக்கும் வித்தை காட்டினீர்களே! 1874 முதல் அந்த ஊர்த் தெருக்களில் நிற்கும் இரும்புக் குழாய்கள், சுமார் 2,500 இருக்கின்றன. மூக்கு போன்ற குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து நேரே வாய்க்கு வருகிறது. மீதி மூன்று நாளும் குழாயைக் கண்ட இடத்திலெல்லாம் அப்பா நின்று, குனிந்து திண்டாடும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைச் செய்து காட்டினார்.

கடைசியாக, குடை பிடித்த பெண்ணே, பரபரப்பில் உன் குடை எங்களோடு வந்துவிட்டது. மஞ்சள் குடை, ஒரு கம்பி லேசாக வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்திருக்கிறோம். எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.